திருத்தணிக்காரர் வீட்டுக் கூடம்

சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்த வருஷம்தான் சந்திரம்மா சித்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். புருஷன் கோவர்த்தனன் சத்தியவேடு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எல்லை மாறியதும் அவரை இங்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள். "ஊர் அங்கியேதான் இருக்குது, சர்க்கார்தான் மாறிப்போச்சாம். எனக்கு ஒண்ணும் புரியலக்கா" என்றாள். எனக்கு மட்டும் புரிந்ததா என்ன?

அதைவிட அவளைக் குழப்பியது அந்த வீடு. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள், அதே எல்லை மாற்றத்தில் மெட்ராஸ் பக்கம் போன திருத்தணிக்கே போய்விட்டார்கள். வாடகை வாங்க ஓர் ஆள் வருவான். சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று கண்டிஷன். கூடத்துச் சுவரெல்லாம் இடுப்பளவுக்குக் கிளிப்பச்சை, மேலே நீலத்தில் தாமரை வரிசை. சன்னலில் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடி. அந்த வெளிச்சத்தில் எது கல், எது அரிசி என்று தெரியாமல் முறத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாய்ந்து தொங்கும் ஆளுயரக் கண்ணாடியில் தன்னையே பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டவள் அவள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துப் போனது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் படம். சுவரோடு வைத்துப் பூசிய சட்டத்துக்குள், பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாக ஒரு பெண். சந்திரம்மாவின் ஊரில் உயிரோடு இருப்பவர்களைப் படம் பிடித்து மாட்டுகிற வழக்கமில்லை. ஆயுசு குறையும் என்பார்கள். சுவரில் இருந்தால் செத்தவர்தான். யாரோ சுமங்கலியாகப் போனவள் என்று பயந்து, வெள்ளிக்கிழமைதோறும் பூச்சரம் போட்டு, படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நானும் அந்தத் தெருவுக்குப் புதுசு, அது யார் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பழசையெல்லாம் பெயர்த்துவிட்டு வெள்ளையடித்துத் தரச் சொல் என்று வாடகைக்கு வருகிறவனிடம் மாசாமாசம் சொல்லியனுப்பினாள். பதிலே இல்லை, விட்டுவிட்டாள். அப்புறம் எப்போது மனசு மாறியதோ, அவளுக்கே தெரியாது. சாயங்காலம் சிவப்பு வெளிச்சம் அடுப்படி வாசலைத் தொட்டால் காபிக்குத் தண்ணீர் வைப்பாள். தாமரைகளை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பாள். மார்க்கெட்டில் தெலுங்கு வராமல் திட்டு வாங்கி வந்தால் அந்தப் படத்திடம்தான் அழுவாள். என்னிடம் அழுதால் என்ன? எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அடுத்த சித்திரையில் வீட்டுக்காரர் வரதராஜன் வந்து இறங்கினார், சுண்ணாம்பு வாளியும் கடப்பாரையுமாக இரண்டு ஆட்களோடு. சத்தம் கேட்டு நானும் போனேன். நீங்கள் கேட்டதுதானே, இன்றைக்கே எல்லாவற்றையும் பெயர்த்துவிடலாம் என்றார். கேட்டவளே எப்படி வேண்டாம் என்பாள்? அதற்குள் அவருடைய அம்மா அலர்மேல்மங்கை, வெள்ளைப்புடவையும் வெறும் நெற்றியுமாகப் படியேறி வந்து படத்தின் முன் நின்றார். அதே மூக்கு, அதே மோவாய். ஐயோ! அன்று வெள்ளிக்கிழமை வேறு. பூ வாடக்கூட இல்லை.

உயிரோடு இருப்பவருக்கு மாலையா என்று வரதராஜன் கத்தினார். முதலில் அந்தப் படத்தை இடி என்று ஆளிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த சந்திரம்மா, கேட்காமல் சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள். ஏன் நின்றாய் என்றால் இன்றைக்கும் தெரியாது என்பாள்.

அலர்மேல்மங்கை படத்தையும் பூவையும் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். போகிறாரே என்ற பதற்றத்தில், வீட்டுக்கு வந்த பெண்களை வழியனுப்பும் பழக்கத்தில், சந்திரம்மா குங்குமச் சிமிழை எடுத்து நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் அந்த நெற்றியைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

அந்த அம்மா சிமிழைத் தள்ளவில்லை. "எனக்கு வேணாம்மா" என்றார். பிறகு சுவரைக் காட்டினார். "அவளுக்கு வை. வாராவாரம் வெச்சிக்கினே இரு."

கடப்பாரைக்காரன் வரதராஜனைப் பார்த்தான். வரதராஜன் சுண்ணாம்பு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார்.