பசுமாட்டுக் கேசு

எங்கள் பசுவைப் பால்காரன் தன் கொட்டகையில் கட்டிக்கொண்டு தன்னுடையது என்று சாதித்ததை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அப்போது மலாயாவில், கிள்ளான் ரயில்வே லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். தண்டவாள வேலை பார்த்த அப்பா, கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாட்டைத் தேடிப் போய் அவன் கொட்டகையில் கண்டுபிடித்தார். கேட்டதற்கு அவன் தரவில்லை. கேசு கோர்ட்டுக்குப் போனது.

அந்தச் சமயம் தமிழ்ப் பள்ளியில் எங்களுக்கு வேற்றுமை உருபுகள் நடந்துகொண்டிருந்தன. ஐ, ஆல், கு என்று வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். உடைமையைச் சொல்லத்தான் ஆறாம் வேற்றுமை இருக்கிறதே, 'அப்பாவுடைய பசு' என்றால் முடிந்தது, இதற்கு எதற்குக் கோர்ட்டு என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். மாடு போனதிலிருந்து எனக்குப் பாலில்லாத கட்டங்காப்பிதான். அந்தக் கோபம் வேறு.

இரண்டு பக்கமும் சாட்சி இல்லை. பால்காரன்தான் கேசை விசாரித்த வெள்ளைக்காரத் துரையிடம் வழி சொன்னான். "மாரியாத்தா முன்னால அவரு பிள்ளையப் போட்டுத் தாண்டிச் சத்தியம் பண்ணட்டும்ங்க, பொய்யின்னா ஆத்தா பிள்ளையக் கொண்டுபோயிடுவா. பண்ணிட்டா மாட்ட நானே ஓட்டியாந்து கட்டிடறேன்." துரைக்கு வேலை மிச்சம், சரி என்றுவிட்டார். உண்மைதானே சொல்லப்போகிறோம் என்று அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கோயில் தரையில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. எனக்குத் துளிகூடப் பயமில்லை. அப்பா தாண்டிவிட்டால் பசு வீட்டுக்கு வந்துவிடும். அவர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு இந்தப் பக்கமே இறங்கியது.

"மாட்ட அவனே வச்சிக்கட்டும்" என்று சொல்லி என்னை வாரித் தூக்கிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வழியெல்லாம் அவர் தோளில் குத்தினேன். "அப்ப நீ சொன்னது பொய்யாப்பா? அது நம்ம மாடு இல்லையா?" லயத்திலும் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். ஒரு மாதம் நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன்கள் இருவரும் காய்ச்சலில் போனது எனக்குத் தெரியும். அவர்கள் பெயர்கூடத் தெரியும். அது பால்காரனுக்கும் தெரியும், தெரிந்துதான் பிள்ளையைப் போட்டுத் தாண்டச் சொன்னான் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.