பத்து மாத மேயர்

கித்தான் துணியை மரச்சட்டத்தின் மேல் இழுத்து மடித்து, உதட்டில் கவ்வியிருக்கும் ஆணிகளில் ஒன்றை எடுத்து வைத்துச் சுத்தியலால் இரண்டே தட்டு. பிறகு அடுத்த ஆணி. ஆணியை வாயில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், ஒருநாள் விழுங்கிவிட்டு என்னிடம்தான் ஓடிவரப் போகிறீர்கள் என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். தலையாட்டுவார். ஆணியோடு பேச்சைத் தொடர்வார். ஒரு சொல்கூடக் குழறாது.

அடித்து முடித்த மடக்கு நாற்காலியில் முதலில் அவரே உட்கார்ந்து பார்ப்பார். இடது முழங்கால் முழுதாக மடங்காது. ஆகவே பாதித் தூரம் மெல்ல இறங்கி, மீதிக்கு நாற்காலி மேல் பாரத்தைப் போட்டுத் தொப்பென்று விழுவார். கித்தான் கிழியாவிட்டால் அன்றைக்கே வாடகைக்குப் போகும். “நம்மளத் தாங்கிச்சுன்னா ஊரையே தாங்கும்” என்பார்.

கடற்கரையில் நாற்காலியும் குடையும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சுற்றுலா வருகிறவர்களுக்கு அவர் நாற்காலிக்காரர். ஊர்க்காரர்களுக்கு, கட்டிய மனைவி உட்பட, அவர் ‘மாஜி’. இந்த ஊருக்கு மேயராக இருந்தவர்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அதே வேலையில் இருந்து ஓய்ந்தவள். ஆளைப் பார்த்தால் முதலில் பாதத்தைப் பார்ப்பது அந்த வேலை விட்டுப்போன பழக்கம். மாஜியின் குதிகால் வெடிப்பில் எப்போதும் ஒரு பிடி மணல் இருக்கும். மற்ற உறுப்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதர் நெடுநாள் இருப்பார்.

மேயரான கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். மாமன்றத்தில் அப்போது இரண்டு அணிகள், இரண்டும் சரிபாதி. இருந்த மேயர் நடுவில் விலகிவிட்டார். மீதிப் பதவிக்காலத்துக்கு யார் என்பதில் இழுபறி. எந்த அணியிலும் சேராமல், எந்தக் கூட்டம் நடந்தாலும் தன் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போடுகிற கவுன்சிலர் ஒருவர் இருந்தார். அவரைப் பிடித்துப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். “சும்மா உக்காந்திருப்பேன்னு நெனச்சாங்க. நாற்காலிய சோதிக்கத்தான் நான் உக்காருவேன்னு அவங்களுக்குத் தெரியல” என்பார் மாஜி. சோதனை பத்து மாதம் நடந்தது.

அவரோடு கடற்கரைச் சாலையில் ஒரு நடை போனால் போதும், ஊரின் மேயர்கள் வரலாறு முழுவதும் கிடைத்துவிடும். ஓட்டல் முதலாளியாக இருந்த மேயர், வருகிறவர்கள் இருட்டிய பிறகும் செலவு செய்யட்டும் என்று விளக்குக் கம்பங்கள் நட்டார். அடுத்து வந்த டாக்டர், கடலைப் பார்த்தபடி ஒரு நீரூற்று வைத்தார். உப்புக்காற்று குழாயைத் தின்று, இப்போது அதில் சீகல் பறவைகள் குடியிருக்கின்றன. வக்கீல் மேயர் சூரியன் மறைவதைப் பார்க்கக் கண்ணாடிக் கூண்டு ஒன்று கட்டினார். உள்ளே போனவர்கள் சூரியன் மறையும் முன்பே வெந்து வெளியே வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே எந்த வேலையும் தொடங்கிய மேயரின் காலத்தில் முடிந்ததில்லை. முடிகிறபோது யார் பதவியில் இருக்கிறாரோ அவர் பெயர் கல்வெட்டில் ஏறிவிடும். விளக்கு ஓட்டல்காரருடையது, கல்லில் டாக்டர் பெயர். நீரூற்று டாக்டருடையது, கல்லில் வக்கீல் பெயர். “இந்த ஊருல அவனவன் பெத்த புள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரன் இனிஷியல்” என்று மாஜி விளக்குவார்.

கல்வெட்டே இல்லாத கட்டடம் ஒன்றும் அந்தச் சாலையில் இருக்கிறது. மணலில் இறங்கும் படிகளுக்குப் பக்கத்தில், கடல் நன்றாகத் தெரியும் இடத்தில், பொதுக் கழிப்பறை. மாஜி தன் காலத்திலேயே தொடங்கித் தன் காலத்திலேயே முடித்த ஒரே வேலை. அது திறந்த அன்று நான் அங்கே இருந்தேன். அப்போது ஒரு பெரியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். சக்கர நாற்காலியில் அவரைக் காற்று வாங்கக் கூட்டி வந்திருந்தேன். பெரியவருக்கு அவசரம். வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அடுத்த வாரம் விழா, மேடை போடணும், கல்லு இன்னும் வரலை என்றார் மேஸ்திரி. வேலையைப் பார்க்க வந்திருந்த மேயர், பெரியவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கித்தான் வெட்டும் கத்தரியைப் பையிலிருந்து எடுத்து ரிப்பனை நறுக்கினார். “போங்கய்யா, நீங்கதான் சிறப்பு விருந்தினர்” என்றார். திறந்த கட்டடத்துக்கு மறுபடி விழா எதற்கு என்று கல்லையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

நாளாக ஆக, ஊரில் ஒரு பேச்சு வழக்கு உண்டாயிற்று. கடற்கரையில் யாராவது பாதியில் எழுந்தால், “மாஜி வீடு வரைக்கும் போயிட்டு வரேன்” என்பார்கள். மாஜிக்கு அதில் பெருமைதான். அவர் மனைவிக்குத்தான் முகம் சிவக்கும். அந்த அம்மாவின் தம்பி வேறு வாயாடி. உறவு கூடும் இடத்தில் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “அக்கா, உன் வீட்டுக்கு வழி எப்படி?” என்று கேட்பான். சபை சிரிக்கும். அவளும் சளைத்தவள் இல்லை. ஒருமுறை என்னிடமே சொன்னாள்: “அவளவ பத்து மாசம் சுமந்து புள்ள பெறுறா. இவரு பத்து மாசம் மேயரா இருந்து கக்கூஸ் பெத்திருக்காரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் மாமன்ற மண்டபத்தில் வரிசையாகத் தொங்கும் மேயர்களின் படங்களில் அவர் படம் இல்லை. மீதிக் காலம் ஓட்டியவர்களுக்குப் படம் கிடையாது என்பது விதி. அது அவளுக்கு ஆறாத புண். தம்பிக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

அந்தப் பதில் இந்த வருஷம் வீடு தேடி வந்தது. மாநகராட்சிக்கு நூறு வயது. இப்போதைய மேயர் இளம் வயதுப் பெண், மரியாதை தெரிந்தவர். அவரே வந்தார். கடற்கரைச் சாலையில் பளிங்குச் சுவர் ஒன்று எழுப்பப் போவதாகவும், எல்லா மேயர்களின் பெயரும் அவரவர் செய்த பணியும் அதில் பொறிக்கப்படும் என்றும், பத்து மாதம் இருந்தவரும் மேயர்தான் என்றும் சொன்னார். பெயருக்கு எதிரே என்ன பணி என்று எழுதுவது என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். மாஜியின் மனைவி முந்திக்கொண்டு, “பொதுநலப் பணிகள்னு போட்டுடுங்கம்மா” என்றாள். மேயர் நிம்மதியாகச் சரி என்றார். அவர் கார் தெருமுனை திரும்பும் முன் தம்பிக்கு ஃபோன் போய்விட்டது. திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு.

மேயர் விட்டுப்போன வரைபடத்தை மாஜி மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் ஆணி டப்பாக்களை வைத்து நிதானமாகப் பார்த்தார். சுவர் வரும் இடம் படிகளுக்குப் பக்கத்தில், கடல் நன்றாகத் தெரியும் இடம். அங்கே ஒரு சின்னச் சதுரம் போட்டு, ‘பழைய கட்டடம், அகற்றப்படும்’ என்று குறித்திருந்தது. கழிப்பறை பஸ் நிலையத்தின் பின்புறத்துக்குப் போகிறதாம். அவர் என்னைக் கூப்பிட்டார். மணலிலிருந்து பஸ் நிலையத்துக்கு, அந்தச் சக்கர நாற்காலிப் பெரியவர் மாதிரி ஒருவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர முடியுமா என்று கேட்டார். போய்ச் சேரலாம், நனையாமல் போய்ச் சேர முடியாது என்றேன். மனைவி உள்ளேயிருந்து, “ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம் பேசுறீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் சொல்லியிருக்கும் பொய்கள் எல்லாமே இந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன்.

தீர்மானம் நிறைவேறும் நாளில் முன்னாள் மேயர்களை மன்றத்துக்கு அழைத்திருந்தார்கள். உயிரோடிருக்கும் எல்லோரும் முன்வரிசையில். ஆளுக்கு இரண்டு வரி நன்றி சொல்லலாம். நானும் அவர் மனைவியும் பார்வையாளர் பெஞ்சில் இருந்தோம். புதுச் செருப்பு போட்டிருந்தாள். அது கடித்ததில் குதிகாலில் கொப்புளம். நான் கைப்பையில் வைத்திருந்த பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன். டாக்டர் நன்றி சொன்னார். வக்கீல் இரண்டு வரியை இருபதாக்கிச் சொன்னார். மாஜி எழுந்தார்.

“நன்றி சொல்லச் சொன்னீங்க. சொல்லிட்டேன் மேடம். இப்ப ஒரு விஷயம். இந்த முன்வரிசையில இருக்கிற பெரியவங்க எல்லாரும் சாயங்காலம் கடற்கரைக்கு வர்றவங்க. நாற்காலி போடுறவன் நான். யாரு எத்தன தரம் எந்திரிச்சு எங்க போயிட்டு வர்றாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?”

மன்றம் முதலில் திகைத்தது, பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வக்கீல்தான் எழுந்தார். “வேணாம்யா, நீ உக்காரு, நானே சொல்லிடுறேன்” என்றார். அவர் மூன்று தரம் போகிறாராம். பஸ் நிலையம் என்றால் இனிமேல் மாற்றுக் கால்சட்டையும் கொண்டுவர வேண்டும் என்றார். கவுன்சிலர் ஒருவர், பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்கரைக்கு வருகிறவர் கண்ணில் முதலில் கழிப்பறையா படவேண்டும் என்று கேட்டார். “அவ்வளவு தூரம் பஸ்ல வந்தவன் கண்ணு வேற எதத் தேடும்?” என்றார் மாஜி. கேட்டவரே சிரித்துவிட்டார்.

மேயரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பு அடங்கியதும் நிலைமையைச் சொன்னார். சுவருக்கு அனுமதி வாங்கியிருப்பது அந்த இடத்துக்கு மட்டும். சாலையில் வேறு காலி இடமும் இல்லை. ஒன்று சுவர், இல்லை கழிப்பறை. உங்கள் பெயரும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மாஜி திரும்பிப் பார்வையாளர் பெஞ்சைப் பார்த்தார். அவர் மனைவி தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வாளா என்று கொஞ்ச நேரம் நின்றார். நிமிரவில்லை.

“அப்ப செவுரு வேணாம் மேடம்” என்றார்.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். சுவர் தோற்றது. முன்வரிசைக்கு ஓட்டு இல்லை. இருந்தாலும் அவர்களும் கை தூக்கினார்கள்.

வீடு திரும்பும்போது அவள் என்னோடு நடந்தாள். அவர் பத்தடி பின்னால் வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். “என் தம்பிக்கு இன்னிக்கு ராத்திரியே ஃபோன் பண்ணணும்க்கா. வராதடான்னு எப்படிச் சொல்லுவேன்?” என்று கேட்டாள். நான் ஆறுதல் சொல்லுகிற வகை இல்லை. வீட்டில் இரத்த அழுத்தம் பார்த்தேன். கோபமாக இருக்கும் ஆளுக்கு எவ்வளவு இருக்கவேண்டுமோ அவ்வளவு இருந்தது. சாப்பிட்டுப் படு என்றேன். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மாஜி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களையும் கழுவி வைத்தார். கழுவிய சத்தம் வழக்கத்தை விட அதிகம்.

மறுநாள் விடிந்ததும் மாடிப்படி ஏறி வந்து என் கதவைத் தட்டினார். முழங்காலோடு அவர் மாடி ஏறுவது பெரிய விஷயம். அவள் இங்கே வந்தாளா என்று கேட்டார். வரவில்லை. படுக்கையில் இல்லையாம். சமையலறை ஸ்டூலும் இல்லையாம். ஸ்டூலோடு கோபித்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்ததில்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் கடற்கரைக்கு நடந்தோம்.

கழிப்பறையின் முன்சுவரை ஒட்டி ஸ்டூல். அதன் மேல் அவர் மனைவி, வெறுங்காலோடு, குதிகாலில் என் பிளாஸ்திரி. ஒரு கையில் நீல பெயின்ட் டப்பா, இன்னொரு கையில் பிரஷ். சுவரில் அவர் முழுப்பெயர், தகப்பனார் பெயரின் இனிஷியலோடு, ஒரு முழ உயர எழுத்தில் ஏறியிருந்தது. அதன் கீழே ‘மேயர்’ பாதி முடிந்திருந்தது. கழிப்பறையைத் துப்புரவாக வைத்திருக்கும் பெண், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, வரி வலப்பக்கம் சரிகிறது என்று கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாஜி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்மா, இது மாநகராட்சிச் செவுரு. எழுதினா அபராதம்.”

அவள் பிரஷை டப்பா விளிம்பில் வழித்தாள். திரும்பவில்லை. “எந்தச் செவுருலயும் பேரு வேணாம்னு சொன்னவரு சும்மா இருங்க. ராத்திரியே ஃபோன் பண்ணி என் தம்பிய இன்னிக்கே வரச் சொல்லிட்டேன். பத்து மணி பஸ்ல வரான். இறங்கினதும் இங்கதான் ஓடி வருவான். வந்து படிக்கட்டும்.”

அடுத்த எழுத்துக்காக அவள் எக்கினாள். மணலில் ஸ்டூல் ஆடியது. மாஜி சாலையின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை. மடங்காத காலை நீட்டி வைத்து, மற்றொரு காலை மடக்கி, மெல்ல மணலில் இறங்கி உட்கார்ந்து, ஸ்டூலின் இரண்டு கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.