பென் டிரைவில் வயல் உறுதி

லீட்ஸ் நகர நூலக வாசலில் ஓர் அறிவித்தல்: ‘பழைய கணினியை வீசாதீர்கள். சனிக்கிழமை கொண்டுவாருங்கள், விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடலாம்.’ கணினியை வீசுகிறார்களா! இலங்கையில், எங்கள் கல்முனையில் ஒரு லெப்டொப் மூன்று வீடு மாறி, விசைகள் உதிர்ந்த பிறகும் யாருக்காவது பாட்டுப் பெட்டியாக உயிரோடிருக்கும். என்னுடையது புதிய விண்டோஸைத் தாங்காது என்று அன்று காலைதான் அறிந்திருந்தேன். அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

லினக்ஸ் போட்டால் உள்ளேயிருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஒரே பயம், வயல் உறுதி என்னும் நிலப் பத்திரம். நிந்தவூரில் பக்கத்து வயல்காரர் வரம்பை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார். உறுதியின் மூலப் பத்திரம் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. புதுப் பிரதி கேட்க அதன் இலக்கம் வேண்டும். அது இருப்பது, நான் முன்பு ஸ்கேன் செய்து லெப்டொப்பில் வைத்த ஏழு பக்கங்களில் மட்டும். சனிக்கிழமை காலை வாப்பா அழைத்தார்.

“மகன், திங்கக்கிழம சட்டத்தரணிக்கிட்ட போகணும். உறுதி பத்திரமா இரிக்கா?”

“ஓம் வாப்பா, பென் டிரைவுல போட்டுட்டன். இரவைக்கு அனுப்புறன்.”

“தொறந்து பாத்தியா? நீ எதையும் பாய்ஞ்சு பாய்ஞ்சுதானே செய்வாய்!”

“பாத்தன் வாப்பா. தொறக்குது.”

நூலகத்தில் உதவிக்கு வந்தவனின் பெயர் கலம். என் வயதுதான், சிவந்த தாடி. லெப்டொப்பை அவன் பக்கம் தள்ளினேன். திருப்பித் தள்ளிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

“உன் மெஷின். நீதான் அழுத்த வேண்டும்.”

கல்முனைக் கணினிக் கடையில், பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் கொடுத்து “போமட் பண்ணுங்க நானா” என்றால் போதும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் போனால் எல்லாம் முடிந்திருக்கும். கோப்புகளையும் கடைக்கார நானாவே எடுத்துவைத்திருப்பார். உதவ வந்தவன் கைகட்டி நிற்பதை நான் இளக்காரமாகவே எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில் லினக்ஸ் நிறுவலைத் தொடங்கி, விறுவிறுவென்று போய், ‘வட்டு முழுவதையும் அழி’ என்பதைத் தெரிவு செய்யப் போனேன்.

“பென் டிரைவை வேறு கணினியில் திறந்து பார்த்தாயா?” என்றான் கலம்.

“என்னுடையதில் திறந்தது.”

“அது போதாது.”

நூலகக் கணினியில் செருகினேன். என் திரையில் இருந்த அதே மஞ்சள் கோப்புறைப் படம். அழுத்தினேன். ஒன்றுமே இல்லை.

சிரிக்காதீர்கள். நான் இழுத்துப் போட்டது திரை முகப்பிலிருந்த ஷோர்ட்கட்டை மட்டும். கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் வெறும் விலாசம் அது. என் லெப்டொப்பில் அழுத்தியபோது, உள்ளேயிருந்த அசலைத்தான் திறந்து காட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு அழுத்தலில் அந்த அசலும் போயிருக்கும்.

நிறுவலை நிறுத்தி, ஏழு பக்கங்களையும் பிரதி செய்து, நூலகக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்தே அனுப்பினேன்.

“கிடச்சிட்டு மகன்,” என்றார் வாப்பா தொலைபேசியில். “இரவைக்கு எண்டாய், என்ன அவசரம்?”

“சும்மா வாப்பா.”

மீண்டும் தொடங்கினேன். இம்முறை ‘அழி’ என்பதைத் தெரிவு செய்தேன். கடைசியில் உறுதிப்படுத்தினால்தான் அழியும். அதற்கு முன் ஓர் உலக வரைபடம் வந்து, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டது. புள்ளி தானாகவே லண்டனில் நின்றது. கல்முனையைத் தேடினேன், இல்லை. புள்ளியைக் கொழும்புக்கு நகர்த்தினேன்.

“நேரம் பிழையாகக் காட்டுமே,” என்றான் கலம்.

“வாப்பாவுக்குச் சரியாக இருக்கும்.”

அவன் மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டான். இனி மிச்சமிருப்பது அழிப்பதை உறுதிப்படுத்தும் அந்த ஒரு பொத்தான். பிஸ்மில்லாஹ் சொல்லி விரலை அதன்மேல் கொண்டுபோனேன்.