அப்பா பெயரில் வந்த மாத்திரை விளம்பரம்

அப்பாவின் மின்னஞ்சல் என் போனில்தான் இருக்கிறது. திருவள்ளூர் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் அவர் மூத்தவர். ஏகாதசி, உற்சவம், எதுவானாலும் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி கோஷ்டிக்காரர்கள், உறவினர் எல்லோருக்கும் அனுப்புவேன். ஆரம்பத்தில் ‘ஸ்ரீ:’, முடிவில் ‘அடியேன்’. இவை இல்லாமல் அவர் பால்காரருக்குக்கூடச் சீட்டு எழுதியதில்லை.

எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. போன வாரம் ஒருநாள் காலை, மெஷின் சத்தத்துக்கு நடுவே செவ்வாப்பேட்டை அத்தை கூப்பிட்டார். “ஏண்டா, உங்கப்பாகிட்டேர்ந்து ஒரு மெயில் வந்திருக்கு. வாய்விட்டுச் சொல்ல முடியலடா. கோஷ்டி பூரா போயிருக்கு போலிருக்கே!”

அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். நாங்கள் அனுப்பாத கடிதங்கள், போய்ச் சேரவில்லை என்று வரிசையாகத் திரும்பி வந்திருந்தன. உள்ளே ஆண்மைக்குறைவு மாத்திரை விளம்பரம், படத்தோடு! காது மடல் சுட்டது. சாயங்காலம் அந்தப் பெரியவர்களுக்கு நடுவில்தானே அப்பா போய் நிற்க வேண்டும்? காட்டுப்பள்ளி துறைமுகம் வேறு பக்கத்திலேயே இருக்கிறது, மானம் கப்பலேற நேரமா ஆகும்?

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆரணிக்காரரிடம் ஓடினேன்.

“இன்னாத்துக்கு சார் பேஜாராவுறீங்க? கவர் மேல அனுப்புநர்னு எவன் பேரை வேணா எழுதலாம்ல? அந்த மாதிரி எவனோ உங்கப்பா பேரைப் போட்டு அனுப்பிக்கினு கீறான். பாஸ்வேர்டை மாத்திட்டு கம்முனு உடுங்க.”

கம்மென்று விட எனக்கு எங்கே வரும்? நான் ஒரு அவசரக் குடுக்கை. சாப்பாட்டு நேரத்தில், வலது கையில் தயிர்சாதம் காயக் காய, இடது கையால் தட்டி எல்லோருக்கும் அனுப்பினேன்: ‘அனைவருக்கும் வணக்கம். எமது முகவரி தவறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. முந்தைய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ கஸ்டமருக்கு எழுதி எழுதிப் பழகிய கை. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பேச்சை அவரிடம் எப்படி எடுப்பது என்று கூச்சம்.

வீட்டுக்கு வந்தால், கோயிலிலிருந்து திரும்பிய அப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“விஷயம் தெரியுமோ? எவனோ என் பேர்ல கன்னாபின்னான்னு மெயில் அனுப்பியிருக்கான். கோஷ்டியில ஒருத்தரும் நம்பலை. ‘ஸ்ரீ:’ இல்லை, ‘அடியேன்’ இல்லை, இது ஸ்வாமி எழுதினதே இல்லைன்னு எல்லாரும் அழிச்சுட்டாளாம்.”

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கேளு, மத்தியானம் அந்தத் திருட்டுப் பயலே மன்னிப்பு கேட்டு இன்னொண்ணும் அனுப்பியிருக்கான். அதுலயும் ரெண்டும் இல்லை. எனக்கும் காட்டினா. நான் எல்லார் முன்னாடியும் சொன்னேன், எங்காத்துப் பிள்ளை தட்டினா அந்த ரெண்டும் விட்டே போகாதுன்னு. சரிதானேடா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “ஆமாம்ப்பா” என்றேன்.