குரூப்பில் போட்ட புகார்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுக்கிறேன்... போன் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பார்த்தால், எங்கள் தமிழ் குரூப்!

இந்த மராத்தி ஊரில், நாங்கள் குடியிருக்கும் கராடியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். இட்லி அரிசி எங்கே கிடைக்கும்? குரூப். குழந்தைக்குக் காய்ச்சலா? குரூப். வீட்டுக்காரர் அமெரிக்க ஷிஃப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறார். நான் தமிழில் நாலு வார்த்தை பேச அந்த குரூப்பை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

அன்று வந்திருந்தது ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஒரு பெண் குழந்தையின் போட்டோவைத் திருடி, யாரோ போலிப் பக்கம் தொடங்கி, கீழே கண்டகண்ட அசிங்கத்தை எழுதியிருந்தார்கள். முகத்தின் மேலும் பெயரின் மேலும் மஞ்சள் ஸ்மைலி. ‘பெற்றோர்களே, உஷார். அதிகம் பகிரவும்’ என்று குரூப் அட்மின் சபேசன் சார் போட்டிருந்தார்.

ஸ்மைலி என்னத்தை மறைக்கும்? அது எங்கள் பொங்கல் விழா மேடையில் எடுத்த போட்டோ. அந்தப் பச்சைப் பட்டுப்பாவாடையில் ஆடியது யாரென்று எங்களில் யாருக்குத் தெரியாது? எட்டாவது படிக்கும் மேகனா. எங்கள் பிளாக் ஆறாவது மாடி வித்யாவின் ஒரே மகள்.

உடனே சபேசன் சாருக்கு போன் செய்தேன். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுகிறவர். வித்யாதான் யோசனை கேட்டு அவருக்கு அதை அனுப்பினாளாம்.

“முகத்தை மறைச்சுட்டுத்தானேம்மா போட்டேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு புள்ளைங்க தப்பிக்குமே...” என்றார்.

கோபத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. மனிதர் பதறிப்போய் அழித்தார், பாவம். அதற்குள் அது போசரி குரூப், விமான் நகர் குரூப் என்று சுற்றி, கோயம்புத்தூரில் இருக்கும் வித்யாவின் நாத்தனாருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

ஆறாவது மாடிக்குப் போனேன். வித்யா கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

“புகார் எங்க குடுக்கறதுன்னுதானுங்க அக்கா கேட்டேன். ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமில்லீங்க?”

பயத்தில் மகளின் போனில் இருந்த எல்லாவற்றையும் அழிக்கப் போனாள். தடுத்தேன் — அழித்தால் ஆதாரம் போச்சு! லிங்க்கைப் பத்திரப்படுத்தி, அந்தப் பக்கத்திலேயே ரிப்போர்ட் பட்டனை அழுத்தினோம். அரசாங்கத்தின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்தோம். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னாள். இவ்வளவுதான் வேலை. இதற்கு குரூப் எதற்கு? வெளியூரில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற நமக்கு எந்தக் கஷ்டத்தையும் முதலில் நம்மாட்களிடம் கொட்டித்தான் பழக்கம். ஆனால் ஊர் கூடி இழுக்க இதென்ன தேரா?

இரண்டொரு நாளில் பக்கம் நீக்கப்பட்டது. குரூப்பில் கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன.

மேகனா மட்டும் லிஃப்ட்டில் ஏறுவதில்லை. லிஃப்ட்டில் பார்க்கிற ஆன்ட்டிகள் எல்லாம் தலையைச் சாய்த்து, நல்லா இருக்கியாடா கண்ணு என்று ஒரு மாதிரிக் கேட்கிறார்களாம். டான்ஸ் கிளாஸையும் நிறுத்திவிட்டாள்.

நேற்று மாலை படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுதான் பக்கத்தை எடுத்துவிட்டார்களே, இனி யாருக்கும் தெரியாது என்று ஏதோ சமாதானம் சொன்னேன். பள்ளியில் மராத்தி, இந்தி என்று வெளுத்து வாங்குகிற பெண், தமிழுக்கு மட்டும் வார்த்தை வார்த்தையாகத் தேடுவாள்.

“ஆன்ட்டி... அந்தப் பேஜை லெவன் பேர்தான் ஃபாலோ பண்ணாங்க” என்றாள். “நம்ம குரூப்ல எவ்ளோ பேர் இருக்காங்க?”

போனைத் திறந்து பார்த்தேன். இருநூற்று நாற்பத்தாறு. போனைக் கவிழ்க்கப் போனேன்.

அவளே எட்டிப் பார்த்துக்கொண்டாள்.