டிரைவர், உள்ளே

நம்பாவிட்டால் விடுங்கள், எனக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. கதை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்தது ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் டாங்கிக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. மூடிகளைச் சாத்திவிட்டால் அங்கே எந்நேரமும் இருட்டுதான்.

ராணுவ டாங்கிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் நான் எலக்ட்ரீஷியன். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அங்கேயே டெஸ்ட் டிரைவர். அவனைச் சேர்த்துவிட்டது நான்தான். "என் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று அன்றைக்கே அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரம் வந்திருந்தது நவீன ரக டாங்கி. அறுபது டன் எடை, ஆயிரத்து ஐந்நூறு குதிரைசக்தி இன்ஜின். மேடு பள்ளத்தில் குலுங்கி ஓடினாலும் பீரங்கி மட்டும் குறியை விட்டு அசையாது. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒருவன் இருட்டில் பதுங்கினாலும், உடம்புச் சூட்டை வைத்தே திரையில் காட்டிவிடும். ஆனால் பீரங்கி சுடுபவரின் சீட்டிலிருந்து பார்த்தால், ஆறடி முன்னால் கீழே இருக்கும் டிரைவர் தெரியமாட்டார். அத்தனை கோடி கொட்டிச் செய்த வண்டி.

பீரங்கியோடு சேர்ந்து சுழலும் மேல்பகுதியை டரட் என்போம். அது மட்டுமே இருபது டன் இரும்பு. டிரைவர் தலைக்கு மேலே உள்ள மூடி திறந்திருந்தால் டரட் சுழலாது. அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. வயரிங் சோதனைக்காக அன்று காலை அதைக் கழற்றி வைத்தவன் நான். அது இல்லாதபோது வாய்வார்த்தைதான் பாதுகாப்பு. ஹெட்செட்டில் நான் "டிரைவர்?" என்று கேட்க வேண்டும். "டிரைவர், உள்ளே" என்று பதில் வந்த பிறகுதான் சுழற்ற வேண்டும். பத்து டிகிரிக்கு ஒருமுறை கேட்டாக வேண்டும்.

காலையில் மச்சினன் டிரைவர் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஆள் குள்ளம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது, நெட்டையான ஆள் உட்காரும் தூரத்துக்கு.

"என்ன மாமா, விளையாடுறீங்களா?" என்றான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவனுக்கு மாமா போடாமல் ஒரு வாக்கியம் பேச வராது. ஹெட்செட்டில்கூட "டிரைவர், உள்ளே மாமா" என்றுதான் சொல்வான். ஃபோர்மேன் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்.

மணி 2.50. மச்சினன் டிரைவர் இடத்தில் இறங்கினான். நான் மேலே ஏறி, பீரங்கி சுடுபவர் சீட்டில் உட்கார்ந்து மூடியைச் சாத்திக்கொண்டேன். பீரங்கிக் குழாயைத் தாழ்த்தி இடது பக்கம் திருப்பி வைத்திருந்தோம். அதை முன்பக்கம் கொண்டுவர வேண்டும்.

2.54. "டிரைவர்?" என்றேன்.

கர்ர்ர்... என்று இரைச்சல்.

"டிரைவர், உள்ளே."

கைப்பிடியைத் திருப்பினேன். ம்ம்ம்... மோட்டார் முனகியது. பத்து டிகிரி. நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுபடி கேட்டேன். அதே பதில். மறுபடி பத்து.

இப்படியே அறுபது டிகிரி வந்துவிட்டது.

3.03. நான் வாயைத் திறக்கவே இல்லை.

"டிரைவர், உள்ளே."

கை நின்றுவிட்டது. குரல் அவனுடையது மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் கனம் கூட.

அப்போதுதான் உறைத்தது... ஏழு பதிலில் ஒரு மாமாகூட இல்லை.

"மாப்ள, மத்தியானம் என்ன சாப்ட்ட?"

கர்ர்ர்...

"டிரைவர், உள்ளே."

"டேய்... விளையாடாத."

"டிரைவர், உள்ளே."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஹெட்செட்டில் இல்லை.

என் காலுக்குக் கீழே.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூடியைத் தள்ளினேன். பக்கத்தில் கம்ப்ரஸர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் தன் மூடியைத் திறந்து, மார்பு வரை வெளியே நின்று, முதுகைக் காட்டியபடி, டிரைவர் வெளியே பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பீரங்கிக் குழாய் அவன் பின்மண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது.

"ஹெட்செட் செத்துப்போச்சு மாமா. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான்.

அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

சுவிட்சைத் திரும்ப மாட்டினேன். அறிக்கையில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன எழுதுவது? டாங்கி படைக்குத் திரும்பிப் போனது. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

அது போய் ஒரு வாரம் கழித்துத்தான் ஃபோர்மேன் வாயைத் திறந்தார். இரண்டு வருஷம் முன்பு, பயிற்சியின்போது, அதே டாங்கியில் அந்த சுவிட்ச் பழுதாகியிருந்ததாம். டிரைவர் ஆறடிக்கு மேல் உயரம். ஹெட்செட்டில் பதில் சொல்லிவிட்டு, கண்ணாடியில் சேறு இருக்கிறதே என்று தலையை வெளியே நீட்டியிருக்கிறார். டரட் சுழன்றுவிட்டது. "டிரைவர், உள்ளே" என்பதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அப்போது மணி 3.03.

அந்தக் குரல் பொய் சொல்லி என் கையாலேயே மச்சினனைக் கொல்லப் பார்த்தது என்றுதான் ஒரு வாரமாக நினைத்திருந்தேன். அது பொய் சொல்லவில்லை. டிரைவர் உள்ளே இருக்கிறாரா என்றுதான் நான் கேட்டேன்.

இருந்தார்.