மாலை போட்ட முகம்

கல்லூரி இருட்டறையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஆறு பெண்களின் நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே தாளில் அச்சிட்டேன். மலையகத் தாய்க்கு ஒரு முகம் செய்வது என் யோசனை. மருந்துத் தட்டில் அது மெல்லத் தெளிந்தபோது புளித்த வாடை மூக்கில் ஏறியது.

தலவாக்கலை ஸ்டூடியோவிலும் இதே வாடைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இறந்துபோன அம்மாவின் முகம் தோட்டத்தில் எடுத்த ஒரு கூட்டப் படத்தில் மட்டுமே இருந்தது. அப்பா அதை விரலால் தொட்டுக் காட்டி, "இத மட்டும் பெருசாக்கி, பட்டுச்சீல கட்டுன மாதிரி ஒட்டிக் குடுங்க முதலாளி" என்றார்.

படம் கருமாதியன்றுதான் கிடைத்தது. சித்தப்பா அவசரமாகக் காகிதத்தைப் பிரித்து, மாட்டி, மாலையும் போட்டுவிட்டார். கும்பிட வந்த பக்கத்து லயத்து வீட்டுப் பேச்சியக்கா அலறினாள்: "அடப் பாவிகளா, நான் இன்னும் சாகலடா!"

மறுநாள் ஸ்டூடியோ முதலாளி வெற்றிலை எச்சில் வழியச் சிரித்தார். "கொழுந்துக் கூட தூக்குற பொம்பளைங்க எல்லாம் ஒரே மூஞ்சிதானே! படத்த வெட்டுன மிச்சத்தக் குப்பையில போட்டுட்டேனே." அம்மாவின் முகம் அத்தோடு போயிற்று.

தட்டிலிருந்த தாளைப் பார்த்தேன். ஆறு பேரில் ஒருத்தியும் அதில் இல்லை. அந்த ஸ்டூடியோ முதலாளி சொன்னதைத்தான் நான் படித்துவிட்டு வந்து செய்திருக்கிறேன். ஈரத்தோடு கிழித்தெறிந்தேன். நெகட்டிவ்களைப் பிரித்து, தனித்தனி உறையில் போட்டு, பெயர் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியவில்லை.